ஹேண்டில் உதைக்கும்: ஒரு ஃபோர்டு மாடல் டி-யைக் கிளப்பக் கற்ற கதை

என் ஆயாவின் அப்பா பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் கார் ஓட்டியவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வலது மணிக்கட்டு கடைசிவரை கோணலாகவே இருந்தது என்று ஆயா சொல்லும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கார் உதச்சிடுச்சுடா." புத்தூர் வரை போய்க் கட்டுப் போட்டும் எலும்பு நேராகக் கூடவில்லையாம். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, மாட்டுக்குப் பின்னங்கால் மாதிரி அந்தக் காலத்துக் காருக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மறந்தும் போனேன்.

போன வருடம் அது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் வழியில் இருக்கும் எங்கள் வெள்ளானூரில், ஒரு தகரக் கொட்டகையில், 1923-ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் டி ஒன்று நிற்கிறது. அதன் சொந்தக்காரர் நகரத்துக்குள் இருக்கிறார். அங்கே நிறுத்த இடம் இல்லாததால் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்பவர் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். வயது 74. இரண்டு வருடமாக அவருக்கு வலது தோள் தூக்க வரவில்லை, இடது கையிலும் பழைய பலம் இல்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், இனிமேல் ஹேண்டில் பக்கமே போகக்கூடாதென்று. ஆனால் இந்த வண்டியைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது ஓட்டியாக வேண்டும். நிற்க விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், உள்ளே துரு ஏறும்.

"பசங்க வரானுங்க தம்பி. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறானுங்க. ஹேண்டில் போட ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நானும் போயிட்டா இது பொம்மைதான்" என்றார். அப்படித்தான் நான் ஹேண்டில் ஆள் ஆனேன். இந்தக் கட்டுரை ஆறு மாதமாக அங்கே போய்க் கற்றுக்கொண்டதன் குறிப்புகள். எனக்குள் இருந்தது இரண்டு கேள்வி. கார் ஏன் உதைக்கிறது? இருபத்தைந்து வருடமாகக் கார் ஓட்டும் எனக்கு இதை ஓட்ட ஏன் வரவில்லை?

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மெட்ராஸுக்கு மோட்டார் வண்டி ஃபோர்டால் வந்ததல்ல. 1903-லேயே மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டியிருக்கிறார். மெட்ராஸில் பதிவான முதல் காரான எம்.சி. 1, துறைமுகத்தை நிர்வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. ஆனால் அவையெல்லாம் பெரிய மனிதர்களின் விளையாட்டு. வக்கீல், டாக்டர், சின்ன ஜமீன் என்று அடுத்த படியில் இருந்தவர்களுக்குக் காரை எட்ட வைத்தது மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். நமக்கு வந்தவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள் அல்ல. பிரிட்டிஷ் காலனிகளுக்கு விற்கும் உரிமை கனடாவில் இருந்த ஃபோர்டு கம்பெனியிடம் இருந்தது. அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம் வைத்த கனடா வண்டிகளே கப்பலேறி வந்தன. 1926-ல்தான் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. பம்பாய், கல்கத்தாவோடு மெட்ராஸிலும் வண்டிகளைக் கோத்து விற்றார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு மூடியபோது ஊரே வருத்தப்பட்டது நினைவிருக்கும். அது ஃபோர்டு நம் ஊரை விட்டுப் போன இரண்டாவது தடவை. முதல் தடவை 1950-களில்.

கொட்டகையில் நிற்பது கனடா வண்டிதான். செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது.

ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவையே கால் மணி நேரம் பிடிக்கும். பெட்ரோல் அளவு பார்க்க முன்சீட்டு மெத்தையைத் தூக்க வேண்டும். டாங்க் அதன் அடியில்தான் இருக்கிறது. மூடியைத் திருகி ஒரு குச்சியை விட்டு எடுத்து, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பம்ப் கிடையாது, மேலே இருக்கும் டாங்கிலிருந்து கீழே இருக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக வழிந்து வருகிறது. இதனால் ஒரு வேடிக்கை உண்டு. டாங்கில் பெட்ரோல் கம்மியாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், முன்பக்கம் தூக்கி, கார்புரேட்டர் டாங்கை விட உயரமாகிவிடும். இன்ஜின் நின்றுவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடு ஏறினார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். ஆவடி மேம்பாலத்தில் ஒருவர் பின்பக்கமாக ஏறிப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆயில் பார்க்கக் குச்சிகூடக் கிடையாது. இன்ஜினின் பின்பக்கம் அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்த் திருகு இருக்கிறது. மேலதைத் திறந்தால் ஆயில் வரக்கூடாது. கீழதைத் திறந்தால் வர வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துத்தான் இதைச் செய்ய முடியும். ஆயில் பம்ப்பும் இல்லை. சுற்றும் ஃப்ளைவீல் ஆயிலை அள்ளி வாரி இறைக்கிறது, அதில் ஒரு பங்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் ஓடுகிறது. அவ்வளவுதான். தண்ணீருக்கும் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறினது கீழே வரும் என்ற ஒரே நம்பிக்கை.

சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆரக்கால்கள் எல்லாம் மரம். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கி, உருளும்போது கிறீச் கிறீச்சென்று கத்தும். நம் ஊரில் மாட்டுவண்டி வைத்திருந்தவர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும்: வண்டியை ஏரியில் இறக்கி ஒரு ராத்திரி ஊறப் போடுவது. நானும் உற்சாகமாகச் சொன்னேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊறினால் மரம் உப்பும், இரும்பை எதிர்த்து நசுங்கும், திரும்பக் காயும்போது முன்னைவிட அதிகமாக ஆடும் என்றார். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊறவைப்பது அன்றைக்கு ஊர் போய்ச் சேருவதற்கு மட்டும்தான்.

இப்போது ஹேண்டில்.

ஸ்டியரிங் தண்டில் மீசை மாதிரி இரண்டு பக்கமும் ஒவ்வொரு லீவர். வலது பக்கம் இருப்பது ஆக்ஸிலேட்டர். காலில் ஆக்ஸிலேட்டரே கிடையாது. இடது பக்கம் இருப்பது ஸ்பார்க் லீவர். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான், வில்லனும் அதுதான். இன்ஜினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை அதை வைத்து டிரைவர் முடிவு செய்கிறார்.

பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல் காற்றை அழுத்துகிறது. உச்சிக்கு வந்ததும் தீப்பொறி விழுந்து, வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் பெட்ரோல் காற்று ஒரே கணத்தில் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிந்து முடிய சில மில்லி செகண்ட் வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 60 மில்லி செகண்ட். எரிய 5 மில்லி செகண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இன்ஜின் 30 டிகிரி சுற்றிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறியைக் கொடுத்துவிட வேண்டும். மெக்கானிக்குகள் அட்வான்ஸ் என்று சொல்வது இதைத்தான். சமையலறையில் குக்கரை எப்போது அணைப்பது என்பதில் உள்ள கணக்கு மாதிரிதான். விசிலுக்குக் காத்திருந்தால் பருப்பு குழைந்துவிடும்.

இதே அட்வான்ஸை வைத்துக்கொண்டு கையால் சுற்றினால் என்ன ஆகும்? கையால் ஒரு சுற்றுக்கு ஒரு செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். உச்சிக்கு 30 டிகிரி முன்னால் பொறி விழுந்தால், பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் 83 மில்லி செகண்ட் பாக்கி. எரிய வேண்டியது ஐந்திலேயே எரிந்து முடிந்துவிட்டது. பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் முழு வெடிப்பு. அது வந்த வழியே கீழே போகிறது. இன்ஜின் பின்பக்கமாகச் சுற்றுகிறது.

இங்கேதான் ஹேண்டிலின் கொக்கியைக் கவனிக்க வேண்டும். அதன் பற்கள் ஒரு பக்கம் சாய்வாக இருக்கின்றன. இன்ஜின் சரியான பக்கம் ஓட ஆரம்பித்து நம் கையை முந்தினால், கொக்கி வழுக்கி விலகிவிடும். ஹேண்டில் சும்மா தொங்கும். ஆனால் இன்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பினால் பற்கள் கவ்விக்கொள்ளும். இரும்புக் கம்பியும் அதைப் பிடித்த கையும் இன்ஜினோடு சேர்ந்து பின்னால் போகும். 2.9 லிட்டர் இன்ஜின். ஆயாவின் அப்பாவுக்கு நடந்தது இது.

அவருக்கு மட்டுமா? பெருவிரல் பக்கத்தில் முன்கை எலும்பின் நுனி உடைவதை மருத்துவப் புத்தகங்கள் இன்றைக்கும் ஷோஃபர் முறிவு என்றே சொல்கின்றன. ஷோஃபர் என்றால் கார் டிரைவர். ஒரு வேலை ஒரு எலும்பு முறிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருக்கிறது. முழுக்கவும் காணாமல் போகவில்லை. கழனியில் ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டவர்களுக்கும், திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் கிக்கர் ரிட்டன் அடித்துக் கணுக்கால் வீங்கியவர்களுக்கும் நான் சொல்வது புரியும். எல்லாம் ஒரே உதைதான்.

பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை இது. ஹேண்ட்பிரேக்கை முழுக்கப் பின்னால் இழு. இழுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆன வண்டி உன் மேலேயே ஏறும். ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளு. அப்போதுதான் பொறி உச்சிக்குப் பிறகு விழும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கீழே இழு. சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். முன்பக்கம் வந்து ரேடியேட்டருக்குக் கீழே ஓரத்தில் இருக்கும் கம்பி வளையத்தை இழு, அதுதான் சோக். இழுத்துப் பிடித்துக்கொண்டே ஹேண்டிலை இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தூக்கு, பெட்ரோல் உள்ளே போகட்டும். வளையத்தை விடு. திரும்பிப் போய்ச் சுவிட்சைப் போடு. போடும் முன் ஸ்பார்க் லீவரை இன்னொரு தடவை பார்.

அந்த இன்னொரு தடவையை அவர் ஒருநாளும் விட்டதில்லை. நான் முன்பக்கம் போய் நின்ற பிறகும் கேட்பார்: "மேல தள்ளிட்டியா?" தள்ளிவிட்டேன் என்றால் போதாது. "போய்ப் பாத்துட்டு வா."

பிறகு கை. இடது கைதான். ஹேண்டில் நம் எதிரே கடிகார முள் போல வலம் சுற்றுகிறது. இடது கையால் இழுத்தால், உதைக்கும்போது ஹேண்டில் நம் விரல்களைத் திறந்துகொண்டு விலகிப் போகும். வலது கை என்றால் முன்கை அந்த வட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும். திரும்பி வரும் கம்பி அதன் மேலேயே விழும். பெருவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. மற்ற நான்கு விரலோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். கடிகாரத்தில் ஏழு, எட்டு இருக்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு வரை மேல்நோக்கி ஒரே இழுப்பு. கீழ்நோக்கி ஒருநாளும் அமுக்கக்கூடாது, ஏனென்றால் உடம்பு பாரம் முழுக்க அதன் மேல் இருக்கும்போது உதைத்தால் கை ஒடியும், மூஞ்சியும் மிஞ்சாது. சினிமாவில் கரகரவென்று சுற்றுவார்களே, அப்படிச் சுற்றவும் கூடாது. மளிகைக் கடை ஷட்டரைத் தூக்குகிற மாதிரி ஒரு வெடுக்கு. அவ்வளவுதான்.

முதல் நாள் எனக்கு ஏழு இழுப்பு ஆனது. பயத்தில் நான் பாதியிலேயே கையை விட்டுவிடுகிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. எட்டாவது இழுப்பில் டாஷ்போர்டின் மரப்பெட்டியில் இருக்கும் நான்கு காயில்களும் வண்டு மாதிரி ரீங்கரித்து, வண்டி முழுக்க ஆடி, ஓட ஆரம்பித்தது. நான் சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கத்தினார்: "ஸ்பார்க்கு! ஸ்பார்க்கு!" ஓட ஆரம்பித்த உடனே லீவரைக் கீழே இழுத்துவிட வேண்டும். மேலேயே விட்டால் எரிவது தாமதமாகி, சூடெல்லாம் சைலன்சர் பக்கம் போகும்; வெளியேறும் குழாய் பழுக்கக் காய்ந்து ரேடியேட்டர் கொதித்துவிடும். ஸ்டார்ட் செய்ய எது காப்பாற்றியதோ, ஓடும்போது அதுவே கெடுக்கிறது. இன்றைய காரில் இந்த லீவரை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தள்ளி இழுத்துக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்புகிற நமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நல்லவேளையாக நம் ஊர் வெயிலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குளிர் நாட்டில் ஆயில் கெட்டியாகி, கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டு, நியூட்ரலில் இருக்கும்போதே வண்டி ஊர்ந்து வந்து ஹேண்டில் போடுபவரை மூக்கால் முட்டுமாம். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்வார்களாம். வெள்ளானூரில் மார்கழி காலையில்கூட அது தேவைப்படவில்லை. நமக்குத் தொல்லை வேறு பக்கம் இருந்து வருகிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும் இன்ஜினுக்கு எரிவதில் அதனால் பெரிய குறை இல்லை. ஆனால் பழைய கார்புரேட்டரில் மிதவை தக்கையால் ஆனது, அதன் மேல் பூசியிருப்பது அரக்கு. எத்தனால் அரக்கைக் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழிய ஆரம்பிக்கும். பெரியவர் ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறார்.

ஓட்டுவதற்கு வருகிறேன். இங்கேதான் என் மானம் போனது.

காலடியில் மூன்று பெடல். பார்க்கப் பரிச்சயமாகத்தான் இருக்கிறது, ஆபத்தே அதுதான். இடது பெடல் கிளட்ச் மாதிரி தெரியும். ஆனால் அதை முழுக்க அமுக்கினால் லோ கியர் விழுந்து வண்டி முன்னால் இழுக்கும். முழுக்க விட்டால் ஹை கியர். நியூட்ரல் என்பது இரண்டுக்கும் நடுவில், பாதி அமுக்கிய இடத்தில் எங்கேயோ இருக்கிறது. அதைக் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடு பெடல் ரிவர்ஸ். வலது ஓரம், நாம் ஆக்ஸிலேட்டரைத் தேடும் இடத்தில், பிரேக். ஹேண்ட்பிரேக்குக்கும் மூன்று நிலை உண்டு: பின்னால் இழுத்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும், நட்டுக்குத்தலாக நிறுத்தினால் நியூட்ரல், முன்னால் தள்ளினால்தான் ஹை கியர் விழும்.

உள்ளே இருக்கும் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கின்றன. நாம் பெடலை அமுக்கும்போது ஒரு பட்டை ஒரு டிரம்மை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது. எந்த டிரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து மற்றவை வேறு வேகத்திலோ வேறு திசையிலோ சுற்றும். லோவுக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. இதனால் கியர் உரசும் கர்ர் சத்தம் இந்த வண்டியில் வரவே வராது. கார் என்ற பொருளையே பார்த்திராத ஒரு விவசாயிக்கு 1908-ல் இதைவிடச் சுலபமாக ஒன்றைச் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. மற்ற கார்களில் பல்லைப் பல்லோடு சரியான வேகத்தில் சேர்க்கத் தனித் திறமை வேண்டியிருந்தது. இதில் அமுக்கினால் போகும், விட்டால் வேகமாகப் போகும். கஷ்டம் எல்லாம் பின்னால் வந்த நமக்குத்தான்.

எங்கள் பக்கம் வயலை வித்துக் கல் நட்ட மனைப்பிரிவுகள் நிறைய. தார் போட்ட தெரு இருக்கும், வீடு இருக்காது. அப்படி ஒரு தெருவில்தான் பழகினேன். முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஹேண்ட்பிரேக்கை நிமிர்த்தி, இடது காலை முழுக்க அமுக்கி, லீவரை முன்னால் தள்ளி, கையால் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. லோவில் இருக்கும்வரை காலை எடுக்கவே கூடாது என்பதால் பத்து எட்டுக்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். ஓரளவு வேகம் வந்ததும் காலை விட்டேன். ஹை விழுந்தது. சத்தம் அடங்கி, மர ஆரக்கால்கள் சரசரக்க, மணிக்கு இருபது கிலோமீட்டரில் ராஜா மாதிரி போனோம். ஸ்டியரிங்தான் பயமுறுத்தியது, ஒன்றேகால் சுற்றுக்குள் சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்பிவிடுகிறது. கொஞ்சம் அசந்தால் தெருவின் மறு ஓரம்.

தெருக்கோடியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம் தன் வேலையைச் செய்தது. இடது கால் ஒரே மிதியாகத் தரைவரை போனது, கிளட்ச் என்று நினைத்து. வலது கால் நடு பெடலுக்குப் போனது, பிரேக் என்று நினைத்து. அதாவது நான் லோ கியரையும் ரிவர்ஸையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒரே நேரத்தில் இல்லை. இடது கால் முந்திக்கொண்டது. கையில் ஆக்ஸிலேட்டர் திறந்தே இருந்ததால் இன்ஜின் ஊளையிட்டுக்கொண்டு முன்னால் இழுத்தது. அவர் "பாதி! பாதி!" என்று கத்தினார். எனக்குப் பாதி என்றால் என்னவென்றே விளங்கவில்லை. அதற்குள் வலது கால் நடு பெடலில் இறங்க, இரண்டு டிரம்மும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள, வண்டி ஒரு குலுக்கலோடு அப்படியே செத்து நின்றது. எல்லைக்கல்லுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. கன்றுக்குட்டி எப்போதோ போய்விட்டிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் இறங்கிப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கார் ஓட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் தம்பி இது கஷ்டம். என் பேத்திக்கு ஒரு நாள்ல வந்துடுச்சு. அவளுக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது."

இதைச் சும்மா சமாதானமாகச் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை. பழகாத காலுக்கு மூன்று பெடலும் வெறும் மூன்று பெடல்தான். என் காலுக்கு அவை ஏற்கெனவே பெயர் வைத்த பெடல்கள், மூன்றிலும் தப்பான பெயர். நிதானமாக இருக்கும்போது சரியாகச் செய்துவிடுகிறேன். பதறும்போது பழைய பெயர்தான் வருகிறது. அதனால் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். வண்டியில் ஏறியதும் சுவிட்ச் போடாமல் பத்துத் தடவை நிறுத்திப் பார்ப்பேன். வலது கை ஆக்ஸிலேட்டரை மேலே தள்ளும், இடது கால் பாதி போகும், வலது கால் ஓரத்தில் இறங்கும். வாயாலும் சொல்லிக்கொள்வேன்: மேல, பாதி, ஓரம். பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த வலது பெடல் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குள் ஆயிலில் நனைந்த ஒரு பட்டையைத்தான் இறுக்குகிறது. அங்கிருந்து பின்சக்கரம் வரை உள்ள தண்டு, பல், வாஷர் எல்லாம் முழுசாக இருந்தால்தான் வண்டி நிற்கும். பின் ஆக்சிலுக்குள் அன்றைக்கு ஈயம் போன்ற மெத்து உலோகத்தில் வாஷர் போட்டிருந்தார்கள். வயதாகி அது பொடிந்தால் பற்கள் விலகிவிடும், பிரேக் மொத்தமாகப் போய்விடும். பழைய மாடல் டி எதையாவது வாங்க நினைக்கும் நண்பர்கள், பெயிண்ட் அடிப்பதற்கு முன் பின் ஆக்சிலைப் பிரித்து அந்த வாஷரை வெண்கலத்தில் மாற்றுங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. இந்த வண்டிக்குப் பெரியவரே லேத்தில் கடைந்து போட்டிருக்கிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறார்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயது தாண்டி, அடிப்படை மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. அண்ணா சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் தண்ணீர் கொதித்துவிடும் வண்டியைத் தினசரி ஓட்ட யாருக்கும் ஆசை வராது என்பது வேறு விஷயம்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான்கு சுற்று ஓட்டிவிட்டு, கொட்டகை வாசலில் நிறுத்தி, இருவரும் டீ குடித்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். வண்டியை உள்ளே விட வேண்டும். நான் வழக்கம்போல ஹேண்டில் பக்கம் போனேன். "இரு" என்றார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து, சுவிட்சை பேட்டரி பக்கம் திருப்பினார். சத்தம் இல்லை. ஸ்பார்க் லீவரை மேலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார், ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி. ஒரு இடத்தில் ஒரு காயில் ரீங்கரித்தது, அடுத்த கணம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்டிலை யாரும் தொடவில்லை.

நான்கு பிஸ்டனில் ஒன்று உச்சியைத் தாண்டி நின்றிருக்கிறது. அதற்கு மேலே எரியாத பெட்ரோல் காற்று மிச்சம் இருந்திருக்கிறது. லீவரை அசைத்ததும் அந்த சிலிண்டருக்குப் பொறி போயிருக்கிறது. வண்டி சூடாக இருந்தால் சில நாள் நடக்குமாம், பல நாள் நடக்காதாம். சுவிட்ச் போட்டிருக்கும்போது லீவரைத் தொட்டால் இன்ஜின் தானே எழுந்துவிடும் என்பதால்தான், ஹேண்டில் பிடித்து நிற்பவனைத் தவிர வேறு யாரையும் சீட்டுப் பக்கம் அவர் விடுவதில்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஏன்யா இத்தனை நாள் இதைச் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ ஹேண்டில் கத்துக்கிட்டிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, நியூட்ரலில் பாதி, லோவில் பாதி என்று இடது காலாலேயே தடவித் தடவி வண்டியை உள்ளே கொண்டுபோய் விட்டார். அடுத்த ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு. நான்தான் ஹேண்டில்.